பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள்: மருந்துக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை நடத்துகிறவர்களுக்கும் அங்கே பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கும்,

"டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் மருந்துகளால் வரும் விளைவுகளுக்குக் கடை நிர்வாகம் பொறுப்பல்ல." எங்கள் ஊரில் உங்களில் சிலர் கடை முகப்பில் இப்படி ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். எல்லாக் கடையிலும் எழுத்தும் நிறமும் ஒன்றாக இருப்பதால், கலந்து பேசி எடுத்த முடிவு என்று தெரிகிறது. அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அறிவிப்பை ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் வலி மாத்திரையையும் சளி மாத்திரையையும் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு அந்த மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. முட்டி வலிக்கிறது என்று மட்டும்தான் அவர் சொன்னார். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை நாள் என்று முடிவு செய்தது நீங்கள். பொறுப்பு மட்டும் எப்படி அவருடையதாகும்?

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. என் வீட்டில் நடந்ததையும், அத்தைக்கு வைத்தியம் பார்த்த சிறுநீரக மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், அதற்குப் பின் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

என் அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளவயது முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்துபோனது. பிரஷர் பல வருஷமாக உண்டு. காலையில் ஒரே ஒரு மாத்திரை: டெல்மிசார்டன் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது. பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது. முன்னது ரத்தக்குழாயைத் தளர்த்துவது, பின்னது உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. அந்த மாத்திரையில் அவருக்குப் பிரஷர் நன்றாகவே கட்டுப்பட்டிருந்தது.

ஒரு சித்திரை மாதம் முட்டி வலி தாங்காமல் தெருமுனைக் கடையில் "கால் வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். மறுநாள் வலி குறைந்தது. குறையத்தான் செய்யும். அதனால் தீர்ந்ததும் திரும்ப வாங்கினார், அப்புறம் மறுபடியும். எங்களிடம் அவர் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. வலி மாத்திரை வாங்குவதை வீட்டில் சொல்ல வேண்டிய காரியமாக எந்த அம்மா நினைப்பார்? வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில் அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அப்போதும் காலை மாத்திரையை விடவில்லை, செட்டையும் விடவில்லை. மாத்திரையை விடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. அடுத்து முகமும் காலும் வீங்கின, சிறுநீர் சொட்டுச் சொட்டாகிப்போனது. அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது பிரஷர் 190/110, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு) 4.1. ஊரில் 'உப்பு கூடிடுச்சு' என்று சொல்வோமே, அதுதான்.

அங்கே பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அத்தையின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளைக் காகித கவர் இருந்தது. அதில் பேனாவால் இரண்டு கோடு, காலை, இரவு. உள்ளே அட்டையிலிருந்து ஒற்றை ஒற்றையாக வெட்டிய மாத்திரைகள். பெயர் அச்சிட்ட பக்கம் எங்கே போனதோ தெரியாது. அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். கல்லாவில் நின்ற பையன் நல்ல பிள்ளை, எதையும் மறைக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான்: அசிக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரை, ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. "எல்லாருக்கும் இதான்க்கா குடுக்கோம். நல்லா கேக்கும்" என்றான். அவனுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். சுவரில் தொங்கிய மருந்தாளுநர் சான்றிதழில் இருந்த முகம் அவனுடையது அல்ல.

அத்தை பிழைத்துக்கொண்டார். டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான் மீண்டார். சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. இனி ஆயுசுக்கும் ரத்தப் பரிசோதனையும் அளவுச் சாப்பாடும்தான்.

உள்ளே நடந்தது என்ன என்று சிறுநீரக மருத்துவர் விளக்கியதை எங்கள் கண்மாய்ப் பக்கத்துப் பேச்சிலேயே சொல்கிறேன். சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு ரத்தம் வந்து சேர ஒரு மடை, வெளியேற ஒரு மடை. வடிகட்டிக்குள் போதிய அழுத்தம் நின்றால்தான் சிறுநீர் பிரியும். உடம்பில் நீர் குறையும்போது, வரும் மடையைத் திறந்து வைத்திருப்பவை புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வலி மாத்திரை வலியைக் குறைப்பதே இந்தப் பொருள்களை உருவாகவிடாமல் தடுத்துத்தான். ஆக வரும் மடை சுருங்குகிறது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை வெளியேறும் மடையைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரையோ கண்மாயின் நீர்மட்டத்தையே இறக்குகிறது. மூன்றும் ஒருசேர நடந்தால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. அதன்மேல் வெயிலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம்.

இது அபூர்வமாக ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட வேண்டாம். பிரிட்டனில் பிரஷர் மாத்திரை சாப்பிட்ட ஏறக்குறைய 4.87 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த மூன்று வகை மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, வலி மாத்திரை சேராதவர்களைவிடத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் அதிகம். முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம் அதிகம். ஆபத்து தொடக்கத்திலேயே கூடுதல் என்றால், 'ஒரு வாரத்துக்குத்தானே' என்று சொல்லிக் கொடுப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

சிறுநீரகம் தப்பித்தாலும் பிரஷர் தப்பாது. இந்த வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. ரத்த அழுத்தம் சராசரியாக 5 புள்ளி அளவுக்கு ஏறும், சிலருக்கு அதைவிடக் கூடுதலாக. பிரஷர் மாத்திரைகளின் வேலையை மழுங்கடிக்கும். அம்லோடிபினுக்கு இந்தத் தொல்லை குறைவு, மற்றவற்றுக்கு அதிகம். நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை என்று மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருப்பவருக்கு, அடியில் யாரோ தோண்டுவது தெரிவதில்லை. ஸ்டீராய்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா? பிரஷரையும் சர்க்கரையையும் ஏற்றும் மருந்தை, இரண்டும் இருக்கக்கூடிய அறுபது வயதுக்காரருக்குப் பெயர் சொல்லாமல் கவரில் போட்டுக் கொடுப்பதை நான் வியாபாரம் என்று ஏற்க மாட்டேன்.

அத்தைக்கு இப்படி ஆனதும் எங்கள் தெருவில் சிலர் பிரஷர் மாத்திரையையே நிறுத்தப் பார்த்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுத்தது அதுதான் என்று பேச்சு. அது தவறு, பெரிய ஆபத்தும்கூட. டெல்மிசார்டன் வகை மருந்துகள் நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பவை, சர்க்கரை நோயாளிகளுக்கு அதற்காகவே எழுதப்படுபவை. அடினோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், சில மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். இதையும் உங்கள் கடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதைவிட நுட்பமான ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடை வாசலுக்கு வருகிறவர் சொல்லும் தொந்தரவே சில நேரம் பிரஷர் மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அவர்கள் உங்களிடம் வருவது இருமல் டானிக்குக்கு. ஒரு பாட்டில், அடுத்த பாட்டில், பிறகு ஓர் ஆன்டிபயாடிக். மாத்திரையை மாற்றினால் தன்னால் நின்றுவிடும் இருமல் அது. அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உடம்பில் நீர் கோத்ததால் வருவதல்ல அந்த வீக்கம், ரத்தக்குழாய் தளர்ந்ததால் வருவது. அதற்கு 'நீர் இறங்க' என்று ஃபுரோசமைடு கொடுத்தால் வீக்கம் பெரிதாக வடியாது. பொட்டாசியம் குறையும், தலைசுற்றும், சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். கேட்ட மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன், "பிரஷர் மாத்திரை எது சாப்பிடுறீங்க? எப்ப இருந்து இருமுது?" என்று கேட்டிருந்தால் அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

சளி மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடைகளில் அதிகம் ஓடும் சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடும் தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தோடும் ஃபீனைல்எஃப்ரின் சேர்ந்திருக்கிறது. ரத்தக்குழாயைச் சுருக்குவதுதான் அதன் வேலை. பிரஷர்காரர் எல்லோருக்கும் அதனால் எகிறிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர் உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. வாய்வழி மாத்திரையாக எடுக்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. மூக்கும் திறக்காத ஒரு மருந்துக்காகப் பிரஷர்காரர் ஏன் சின்ன ஆபத்தைக்கூடச் சுமக்க வேண்டும்? வெந்நீர் ஆவியும், உப்புநீர்ச் சொட்டு மருந்தும், காய்ச்சல் இருந்தால் வெறும் பாராசிட்டமாலும் போதும். தும்மலும் மூக்கொழுகலும் அதிகம் என்றால் செட்டிரிசின் தனியாகக் கொடுக்கலாம், தூக்கம் வரும் என்று சொல்லி. மூக்கடைப்புக்கு விற்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உப்பைக் குறை என்று மருத்துவர் சொன்னால் எங்கள் வீடுகளில் ஊறுகாயையும் கருவாட்டையும் ஒதுக்கிவிடுவோம். ஆனால் நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் கரைத்துப் பொங்கப் பொங்கக் குடிக்கிறோமே, அந்தப் பொடியில் ஆப்பசோடா உண்டு, அதிலும் இருப்பது சோடியம். ஒரு கிராம் ஆப்பசோடாவில் கால் கிராமுக்குச் சற்று அதிகமாகவே சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினம் இரண்டு வேளை இந்தப் பொடியைக் கரைத்துக் குடிப்பவர் ஊறுகாயை ஒதுக்கி என்ன பயன்? கரையும் வகைப் பாராசிட்டமால் மாத்திரைகளும் இப்படித்தான். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் சிட்ரேட் டானிக்குகளில் சோடியமோ பொட்டாசியமோ உண்டு. டெல்மிசார்டன், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கனவே தேங்கும். அவர்களுக்கு இது வேறு விதத்தில் ஆபத்து. சோடியம் குறைந்த உப்பு என்று பொட்டாசியம் கலந்து விற்பதும் அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் ஆகாது. இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், சமையல் உப்பேதான்.

ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. இருந்தும் கொடுக்கப்படுவதால் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். கிளாரித்ரோமைசின், அம்லோடிபின் அல்லது நிஃபெடிபினோடு சேர்ந்தால் அந்தப் பிரஷர் மருந்து ரத்தத்தில் தேங்கி, அழுத்தம் அபாயமான அளவுக்கு இறங்கலாம். வயதானவர்களில் சிறுநீரகப் பாதிப்பு வரை போனதை 2013இல் வந்த ஒரு கனடா ஆய்வு காட்டியது. அசித்ரோமைசினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல், டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரிலோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். சீட்டு எழுதுகிற மருத்துவரும் மறந்துவிடக்கூடிய விஷயங்கள் இவை. பார்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவர் மருந்தாளுநர்.

நாட்டு மருந்தும் விற்கும் கடைகள் உங்களில் உண்டு. தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஓரிரு நாள் ஒரு துண்டை மெல்லுவதில் பெரிய கேடில்லை. நாள்தோறும் கஷாயமாகக் குடித்தால் அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரை சேர்ந்திருந்தால் இன்னும் வேகமாக. இயற்கை மருந்துதானே, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு என் வீட்டிலும் நடக்கும். ஒன்றுமே செய்யாத பொருள் என்றால் தொண்டைக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?

வலிக்கு வேறு என்னதான் கொடுப்பது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. முதலில் பாராசிட்டமால், 500 அல்லது 650, தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். அதையும் மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. எடின்பரோவில் பிரஷர் உள்ள 110 பேருக்கு நாள் ஒன்றுக்கு 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு மேல் அழுத்தம் ஏறக்குறைய 5 புள்ளி ஏறியது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் எடுப்பவர் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, தினமும் எடுப்பவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முட்டி வலிக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அதற்கும் மருத்துவரைக் கேட்பது நல்லது. இதய நோய்க்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அது வேறு கணக்கு.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரவு பத்து மணிக்கு எங்கள் ஊரில் விளக்கெரிவது உங்கள் கடையில்தான். டாக்டர் ஃபீஸ் கொடுக்க வழியில்லாதவர் உங்களை நம்பி வருகிறார். கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியாது. நீங்கள் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார், அங்கே கிடைக்கும். இத்தனையும் உண்மை. கொரோனா ஊரடங்கில் எல்லோரும் கதவடைத்திருந்தபோது நீங்கள் கடை திறந்து வைத்திருந்ததை எங்கள் ஊர் மறக்கவில்லை. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். அந்த நம்பிக்கையின்மேல்தான் 'பொறுப்பல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

சட்டமும் உங்களை அப்படி விடுவிக்கவில்லை. டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் மருந்து விதிகளின் எச் பட்டியலில் இருப்பவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே, ஆர்எக்ஸ் குறியோடு, அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் 42ஆவது பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் வேலையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியதாக்குகிறது. 2015இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், பக்கவிளைவுகளையும் மருந்தோடு மருந்து மோதுவதையும் நோயாளியிடம் மருந்தாளுநரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்கின்றன. கடை முகப்பில் ஒட்டிய ஒரு காகிதம் இவற்றை ரத்து செய்யாது.

கடைசியாக ஒரு காரணம், என் பார்வையில் இதுதான் மிக முக்கியமானது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, அவர்களில் ஏராளமானோருக்குப் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், என் அத்தையின் அக்கம்பக்கத்தாருக்கும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அதனால் நேர்ந்த ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. முன்பெல்லாம் பிரஷர் மாத்திரையையும் உங்களிடம்தான் வாங்கினார்கள். முகத்தைப் பார்த்ததும் இவர் பிரஷர்காரர் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அவர்கள் உங்களிடம் வருவது வலிக்கும் சளிக்கும் மட்டும். மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலருக்கு அவர் உங்களிடம் வாங்கும் செட் தெரியாது. உங்களுக்கு அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை தெரியாது. இரண்டையும் அறிந்த ஒரே ஆள் நோயாளி, அவருக்கோ இரண்டும் மோதும் என்பது தெரியாது. நீங்கள் வாய் திறந்து கேட்டால் ஒழிய இது வெளிவரப் போவதில்லை. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். தினமும் விழுங்கும் பிரஷர் மாத்திரையை மக்கள் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டார்கள், மருந்துக் கணக்கில் வைப்பதில்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா, சுகர் மாத்திரை உண்டா, கிட்னியில் பிரச்சினை ஏதும் சொன்னாங்களா?

என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

பொறுப்பல்ல என்ற அறிவிப்பை உடனே அகற்றுங்கள். வலி, சளி, இருமல், நெஞ்செரிச்சல், நீர்க்கடுப்பு என்று நாற்பது வயதுக்கு மேற்பட்ட யார் வந்தாலும், மருந்தை எடுக்கும் முன் பிரஷர் மாத்திரை பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்பதைக் கடையின் வழக்கமாக்குங்கள். கல்லாவில் நிற்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் எதையும் மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலோடு நிறுத்தி, மூன்று நாளில் சரியாகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

செட் கட்டிக் கொடுப்பதை முற்றாக விடுங்கள். இதில் பாதி அளவு, கொஞ்ச நாள் என்றெல்லாம் சமரசம் வேண்டாம். எந்த மாத்திரையானாலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும்படி அட்டையை வெட்டுங்கள். அது முடியாதபோது கவரின்மேல் மாத்திரையின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி போதும்.

சான்றிதழில் பெயர் இருப்பவர் கடையில் இருக்க வேண்டும். மருந்தாளுநர்களே, உங்களிடம் இதைத் தனியாகக் கேட்கிறேன். உங்கள் சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள். வருஷக்கணக்கில் படித்த படிப்பு உங்களுடையது. டெல்மிசார்டனோடு எது சேரும், எது சேராது என்று என்னைப் போன்ற ஓர் ஆசிரியை தேடிப் படிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் யாருக்காவது மருந்தால் கேடு நேர்ந்தது தெரியவந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024க்குச் சொல்லுங்கள். சொன்னதால் உங்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிடாது.

உங்கள் சங்கங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து, எல்லாக் கடைக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு பலகை தயாரியுங்கள்: பிரஷர், சுகர், கிட்னி மருந்து சாப்பிடுகிறவர்கள் வலி மாத்திரையும் சளி மாத்திரையும் வாங்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள் என்று. பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் படிக்கும்படி. அடிக்கும் செலவை எங்கள் ஊர்க் கடைகளுக்கு நானும் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் ஏற்கிறோம். இந்த மடலின் நகலை மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் சுகாதாரப் பணிகள் துறைக்கும் அனுப்புகிறேன். வீடு தேடி வரும் பிரஷர் மாத்திரையோடு இதே எச்சரிக்கையைத் தமிழில் ஒரு சீட்டாகச் சேர்த்துத் தர வேண்டும் என்று அவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் என்ன முடிவு செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அறிவிப்பை அகற்ற முடியாது என்று முடிவெடுத்தால், எந்தச் சட்ட விதியின் கீழ் அது செல்லும் என்பதையும் அதே பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்